சீசன் நேரத்துச் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஓவியா வணக்கத்துடன் எழுதுவது. பெங்களூரில் நான் நலம். உங்கள் கை எரிச்சல் குறைந்ததா? போட்டிகள் முடியும்வரை விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் பயிற்சியாளர் தேவகி அக்கா, போட்டி மாதங்களில் எடை தூக்குவதையும் தாண்டுவதையும் பாதியாகக் குறைத்துவிடுவார். கொஞ்சம்தான் ஓட வேண்டும், ஆனால் முழு வேகத்தில். பிறகு நல்ல ஓய்வு. பட்டாசு ஆலை வேலையைப் பற்றி நீங்களும் அதைத்தானே சொல்வீர்கள்: "சீசன்லதான் நிதானம் வேணும் தாயி. ஆர்டர் நெருக்குதுன்னு அவசரமா மருந்து செலுத்துனா கையி போயிரும்."

எங்கள் விடுதிக்கு வந்த புதிய மேலாளர் அக்கா சொல்வதைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை, பார்வையிட வந்தவர்களுக்காக எல்லோரையும் முழு வேகத்தில் நீளம் தாண்டச் சொன்னார். "முந்தாநாள்தான் போட்டி முடிஞ்சுது, வேண்டாம் சார்" என்று அக்கா தடுத்தும் பயனில்லை. என் அறைத்தோழி நிர்மலா ஓடிவந்து பலகையில் கால் வைத்ததும் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். நம்மூர் வெடிவிபத்து ஞாபகத்தில் நான் தரையில் படுத்துவிட்டேன். அவள் குதிகால் நரம்பு அறுந்த சத்தமாம் அது.

அடுத்தது நான். முடியாது என்றேன், விட்டுவிட்டார்கள். மறுநாள் அக்காவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இனி மேலாளர் சொல்வதுதான் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தேர்வான எங்கள் இருவரில் நான் மட்டும்தான் மிச்சம். என் குதிகாலும் காலையில் லேசாக இறுகுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

பருப்புப்பொடி அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய நூல்சேலை ஒன்றும். துவைக்க வேண்டாம். இருக்கன்குடி கோயிலுக்குப் போனால் நிர்மலாவுக்காக ஒரு வெள்ளிக் கால் வாங்கி உண்டியலில் போடுங்கள். எனக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.

விசில் ஊதிவிட்டார்கள். என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஓவியா