மணியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை

ஜூன் 12, வெள்ளி

மணிக்குக் கடைசி ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று மிருக வைத்தியர் கேட்கிறார். பதினான்கு வயது நாய், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. நாளை காலை நான் கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு வழி தெரியாமல் மாலையில் கோயிலுக்கு ஓடினேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நாயின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? என்னுடையதையே கொடுத்தேன்.

"மணி, பூரட்டாதி."

"மகனோ?"

"ஓம் ஐயா."

வாய் கூசவே இல்லை. பின்னால் நின்ற பரமேஸ் அக்காவுக்குத்தான் கண் பிதுங்கியது.

"தம்பி, உமக்குப் பிள்ளையள் இல்லையெண்டெல்லோ நினைச்சன்! ஆரிட்டப் பெத்தனீர்?"

நான் வீடு வருவதற்குள் நாங்கள் இருக்கும் மாசி என்ற புறநகர் முழுக்கச் செய்தி பரவி, என் மனைவி வதனிக்கு மூன்று பேர் போனில் ஆறுதல் சொல்லிவிட்டார்கள். வேறொரு நாளென்றால் இதை வைத்தே ஒரு மாதம் சிரிப்புக் காட்டியிருப்பேன்.

வதனி சிரிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, மனுசரெண்டா வைச்சுப் பாக்கலாம். வாயில்லாச் சீவனைக் கிடந்து உழல விடலாமே?" என்று அழுதாள்.

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் மனிதருக்கும் அந்த ஊசி உண்டு. ஆனால் அவரே தன் வாயால் கேட்க வேண்டும். மனைவி கேட்டாலும் போட மாட்டார்கள். மணி கேட்கவில்லையே.

சற்றுமுன் அவன் பக்கத்தில் தரையில் படுத்து, வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். "போப்போறியா, ராசா?"

வாலை ஒருமுறை ஆட்டினான். என் குரல் கேட்டால் எப்போதும் ஆட்டுவான். அதைப் பதிலென்று நான் எப்படி எடுப்பேன்?