லாஹிரி மேடத்தின் குழுவில் ஓரிடம்

17 செப்டம்பர் 2025, புதன்

இன்றும் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ஹூக்ளி ஆறு கரையை எப்படி அரிக்கிறது என்று லாஹிரி மேடம் பாடம் எடுத்தார். பாதியில் சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டாலேயே ஆற்றை வரைந்துகொண்டு போனார். என்ன மனுஷி! டிசம்பரில் கரையை அளக்கும் தன் குழுவுக்கு நான்கு மாணவர்களை எடுக்கப் போகிறாராம். நான் போயே ஆக வேண்டும். ஆனால் ஒரு வருடமாக எதிரே உட்கார்ந்திருப்பவளின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

30 செப்டம்பர்

அம்மாவிடம் புலம்பினேன். "விஜயதசமி அன்னிக்குக் காலம்பற நேர்ல போய் நமஸ்காரம் பண்ணு. வெறுங்கையோட போகாதேடி." அப்பாவுக்கு மாற்றலாகிச் சென்னையிலிருந்து இங்கே வந்தே ஒரு வருடம்தான். கொல்கத்தா வழக்கம் என்னைவிட அவளுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சரி என்றேன்.

2 அக்டோபர், விஜயதசமி

ஐயோ. எழுதவே கூசுகிறது.

நியூ டவுனிலிருந்து பூஜைக் கூட்டத்தில் ஊர்ந்து பாலிகஞ்சில் மேடம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் காலில் விழுந்து, இங்கத்து விஜயதசமி வாழ்த்தாக "சுபோ பிஜோயா" என்றேன். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துணி.

"அடடா, துர்க்கா இன்னும் பந்தல்லதானே இருக்கா? ஆத்துல கரைச்சப்புறம்தான் பிஜோயா சொல்லணும். அதுக்குள்ள அவளைக் கிளப்பிட்டியே!" என்று சிரித்தார். பதற்றத்தில் அதே மூச்சில் குழுவில் இடம் கேட்டுவிட்டேன். புத்தி எங்க போச்சு எனக்கு? தட்டு எதுக்குன்னு நினைச்சிருப்பார்!

ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கிளாஸ்ல நீ ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, ஸ்மிதா. லீவு முடிஞ்சதும் ஒரு கேள்வியோட என் ரூமுக்கு வா."

பெயர் தெரிந்திருக்கிறது!

5 அக்டோபர்

கேள்வி ஒன்றும் வரவில்லை.

19 அக்டோபர்

வந்துவிட்டது. ஆனால் மேடம் சொன்னதற்கே எதிராக இருக்கிறது. இதைப் போய்க் கேட்பதா?

3 நவம்பர், திங்கள்

கேட்டேன். படகுத்துறைக்குக் கீழே உள்ள கரையை ஆறு வெகுகாலமாகவே அரிக்கிறது என்றார் வகுப்பில். துறையைக் கட்டிய பிறகுதான் அரிப்பு தொடங்கியதோ?

கோபம் வரும் என்று நின்றேன். "தெரியலையே. வா, பார்த்துடலாம்." இவ்வளவு படித்தவர், தெரியாது என்பதை டீ வேண்டும் என்பதுபோல் சொல்கிறார்! இரண்டு பேரும் பழைய செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு மாறி மாறி வாதாடினோம். நான் மடக்கிய இடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் ஒரு நாள் இப்படித் தோற்கத் தெரிய வேண்டும்.

"டிசம்பர்ல கூட வா. கரையில போய் நின்னப்புறம் நீ சொல்றதுதான் தப்புன்னு ஆனாலும் ஆகும்."

அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

6 டிசம்பர்

முழங்கால் வரை சேறு. மேடத்துக்கும்தான். அளவெடுத்து முடித்தோம்.

18 டிசம்பர், வியாழன்

அலிப்பூரில் அரசு அலுவலகம். முடிவுகளைச் சொல்ல மேடம் என்னையும் அழைத்துப் போனார். படகுத்துறை வந்த பிறகுதான் அரிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி அவரைக் கேட்டார். மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இவதான் கண்டுபிடிச்சா. இவளையே கேளுங்க."

பழைய படங்களையும் எங்கள் அளவுகளையும் காட்டிச் சொன்னேன். முடித்துவிட்டுத் திரும்பினால், லாஹிரி மேடம் தலை குனிந்து நான் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தார்.