சாம்பல் பசுவும் மஞ்சள் வில்லைப் பாறும்

சிலாந்தோயின் அப்பாவுக்கு,

ரெசியாதோ எழுதுவது. பிள்ளை நலம், மாடுகள் நலம். மொம்பாசாவில் நீங்களும் நீங்கள் காவல் காக்கும் ஓட்டலும் நலமாக இருக்கட்டும். மாடுகளில் ஒன்று மட்டும் நலமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், தாவிப் படிக்காதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் வைத்துவிடுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? அதனால்தான் நாளை அங்கே வர பஸ் ஏறும் நம் ஊர் சங்காலேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தம்பி பார்சலோய் அடுத்த வாரம் அங்கே வருகிறார். அவர் வந்து சேருமுன் நீங்கள் இதைப் படித்தாக வேண்டும்.

மாரா பக்கம் நல்ல மழை. வீட்டுக் கூரைக்குப் புதிதாகச் சாணம் பூசிவிட்டேன். உங்கள் மகள் சிவப்புப் போர்வையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு, பிணந்தின்னிப் பாறுக் கழுகு போலத் தத்தித் தத்தி ஓடிக் கோழிகளை விரட்டுகிறாள். அம்மா வேலை பார்க்கிற லட்சணம் பிள்ளையிடம் தெரிகிறது என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வேலையும் நன்றாகப் போகிறது. பாறுகளை ஆராயும் எங்கள் ம்வெண்டே மேடம், படமெடுக்கும் பெரிய லென்ஸை என்னிடமே விட்டுவிட்டார். ஓடைக்கரை மரத்தில் கூடு கட்டியிருக்கும் பாறு ஒன்றைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, அடையாளத்துக்காக மேடம் இறக்கையில் மஞ்சள் வில்லை மாட்டியது. அதன் குஞ்சு ஒன்றுகூட இதுவரை தங்கியதில்லை. இந்த முறை தங்கியிருக்கிறது. கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறது, இன்றோ நாளையோ பறந்துவிடும். தினமும் போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இனித் தள்ளிப்போட முடியாது. உங்கள் செல்லப் பசு சாம்பல் போய்விட்டாள். மேய்ச்சலில் மந்தையை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள், சிங்கம் அடித்துவிட்டது. நான் போனபோது கண் திறந்தே இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று மேய்த்தது பார்சலோய். துக்கமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து அவருக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பூச்சிமருந்துப் பொட்டலத்தோடு வந்தார். மிச்ச உடம்பில் தடவி வைத்தால் சிங்கம் திரும்ப வந்து தின்று சாகும் என்பது அவர் கணக்கு. சிங்கம் மட்டுமா வரும்? மேலே பாறுகள் ஏற்கெனவே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. போன வருஷம் மலையடிவாரத்தில் விஷம் தின்று செத்துக் கிடந்த பாறுகளை என் கையால்தான் பொறுக்கினேன். நான் பசுவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நகருங்க அண்ணி. உங்க பறவைங்களுக்கு விருந்து வைக்கவா இது செத்துச்சு? இது எங்க அண்ணன் மாடு” என்றார்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“உங்க அண்ணன் போகும்போதே சொல்லிட்டுத்தான் போனாரு தம்பி. எந்த மாட்டை எது அடிச்சாலும் மருந்து வைக்கக் கூடாதுன்னு.”

“சாம்பலுக்குமா?”

“சாம்பல் பேரைச் சொல்லித்தான் சொன்னாரு.”

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அதை மேடம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். நீங்கள் போகும்போது என்னிடம் சொன்னது சாம்பலுக்கு உப்பு வைக்கச் சொல்லி மட்டும்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

பிறகு பாறுகள் இறங்கின. நான் படமெடுத்தேன். மஞ்சள் வில்லைக்காரி வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடைப் பக்கம் பறந்தாள். சாயங்காலம் அவள் குஞ்சுக்கு ஊட்டியதையும் எடுத்தேன். இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். சாம்பலை இழந்த அன்றே எனக்குச் சந்தோஷமும் இருந்தது. உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சிங்கம் இன்னும் இந்தப் பக்கம்தான் சுற்றுகிறது. பார்சலோய் பட்டியின் முள்வேலியை இரட்டிப்பாக்கிவிட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. அங்கே வந்து, உங்களுக்குக் கொண்டுவரும் நெய்க்குடுக்கையைக் கீழே வைக்குமுன், அப்படிச் சொன்னீர்களா என்று உங்களைக் கேட்பார். நான் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால், அடுத்த மாடு விழும்போது என் பேச்சை இங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதில் பெருமைதான், இப்போதுதான் பயமாக இருக்கிறது. இந்தக் காகிதத்துக்குள் ஒரு பிடி புல் மடித்து வைத்திருக்கிறேன். புல்லைப் பிடித்துக் கேட்பவரின் பேச்சை நம் ஆட்கள் யாரும் தட்டியதில்லை. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். சாம்பலுக்காக அழ வேண்டியதை அழுதுவிட்டு, “மருந்து வைக்கக் கூடாது” என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பார்சலோய் வந்து கேட்டால், சொன்னேன் என்பது உண்மைதானே?

மழையும் பாலும் உங்களைத் தேடி வரட்டும்.

உங்கள் சொல்லைக் கொஞ்சம் முன்னதாகவே சொல்லிவிட்ட
ரெசியாதோ