மண்டபத்து முதலை

2025 செப்டம்பர் 4, வியாழன்

பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் மகள் கவிதாவுக்கு இன்று கல்யாணம். செஞ்சி திருவண்ணாமலை சாலையில் ஆதிநாராயணனின் கல்யாண மண்டபம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு கூட்டம். சிமெண்டுத் தொட்டி, மேலே கம்பி வலை, உள்ளே முதலை.

உயிருள்ள முதலை. ஐந்தடிக்குக் குறையாது. தொட்டி அதைவிட ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். திரும்ப இடமில்லாமல் வாலை மடக்கிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் பாசி பிடித்து நாறியது. மணமக்களைப் பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். பட்டுச் சட்டை போட்ட ஆதிநாராயணன் வலையை ஒதுக்கி, உரித்த கோழி ஒன்றைத் தொங்கவிட்டார். முதலை எகிறியது. கவிதா அலறினாள். எல்லோரும் கை தட்டினார்கள். முகூர்த்த நாளில் கோழியா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

"பேரு தேசிங்குக்கா," என்றார் ஆதி என்னைப் பார்த்ததும். "ஓணான் சைஸ்ல வந்துச்சு. நாலு வருஷமா வளக்கறேன். அகழியில முதலை விட்டுவெச்ச ஊருதானே இது? இப்ப உலகமே கோட்டையப் பாக்க வருது. வர்றவன் இதையும் பாத்துட்டுப் போவட்டுமே."

"ஆதி, இதுக்கு ஜெயில்."

"வீட்டுப் புள்ளைய வளத்தா ஜெயிலாக்கா? நல்லா சொன்னீங்க போங்க."

வீட்டுப் பிள்ளையாம். வீட்டுப் பிள்ளையை யாராவது கம்பி வலை போட்டு மூடுவார்களா?

செப்டம்பர் 6, சனி

எங்கள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். முதலை வளர்ப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்பதை இரண்டாம் வரியிலேயே வைத்தேன். தொட்டியின் அளவு, கை கழுவும் இடத்துக்கும் அதற்கும் இடையே தடுப்பு இல்லாதது, குழந்தைகள் வலையில் ஏறி நின்றது எல்லாம் எழுதினேன். ஆதியின் பேச்சையும் மாற்றாமல் கொடுத்தேன். உணர்ச்சிகரமாக ஒரு சொல் இல்லை. செய்திக்கு அது தேவைப்படவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

"செஞ்சியில் செல்ல முதலை: மணமக்கள் குஷி!" மூன்று பத்தி அகலச் செய்தி, வண்ணப் படம். கீழே என் பெயர்.

சட்டம் பற்றிய வரி இல்லை. தொட்டியின் அளவு இல்லை. ஆதியின் பெயரும் இல்லை, "மண்டப நிர்வாகத்தினர்" என்று இருக்கிறது. டெஸ்க்கில் செய்தி திருத்தும் நரேஷைப் போனில் கூப்பிட்டேன்.

"மேடம், காலையில எழுந்ததும் ஜனங்க சண்டையும் கேஸுமா படிக்கணுமா? ஜாலியா ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்."

"எம் பேரை ஏம்ப்பா போட்டே?"

"உங்க ஸ்டோரிதானே மேடம்."

மத்தியானம் ஆதிநாராயணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். வாசலோடு திருப்பி அனுப்பினேன். பாக்ஸை ராஜாம்பாள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோட்டை பார்க்க வந்த வேன்கள் மண்டபத்து வாசலில் வரிசையாக நிற்கின்றன. என் செய்தியை லேமினேட் செய்து வாசலில் மாட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விழுப்புரம் போய் வன அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். ஆள் அனுப்புகிறேன் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வளர்க்கவே முடியாதா? முடியும். தொட்டியில் போட்டுக் கோழி கொடுத்தால் நாலு வருஷம் உயிரோடு இருக்கும். ஜெயிலில் இருப்பவனும் உயிரோடுதான் இருக்கிறான், அவனை யாரும் செல்லம் என்று கொஞ்சுவதில்லை. நாய் நம்மிடம் வந்து ஒண்டியது. இதை முட்டை ஓடு காய்வதற்குள் யாரோ திருடி வந்து விற்றிருக்கிறான். அது நம்மைப் பார்ப்பதை அன்பு என்று சொல்கிறோம். பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது அந்தத் தொட்டியில்?

அக்டோபர் 3, வெள்ளி

வனத்துறையினர் வந்தார்கள். நானும் போயிருந்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை. உள்ளே நாலு குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"முதலையா? அது ரப்பருங்க சார். கல்யாணத்துக்கு வர்ற புள்ளைங்க வெளையாட வெச்சிருந்தோம். பேப்பர்காரங்க நிஜம்னு நெனச்சி எழுதிட்டாங்க," என்றார் ஆதிநாராயணன். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ரப்பர். கோழியைக் கிழித்துத் தின்ற ரப்பர்!

சரி, ஆதி. அது எங்கே?

அக்டோபர் 5, ஞாயிறு

ஜெயக்கொடி வந்தாள். மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவள். அவள் கணவர் வீராசாமி அங்கே வாட்ச்மேன். பின்னால் உள்ள ஒற்றை அறைதான் அவர்களுக்கு வீடு. முதலைக்குத் தீனி போட்டு வளர்த்தது வீராசாமி.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"பனமலை ஏரியில வுட்டுட்டாங்கக்கா. ஓனரே வண்டி ஓட்டிகினு போனாரு. சாக்கு நனைச்சிச் சுத்தி, இவருதான் கூட ஒக்காந்துகினு போனாரு. வந்ததுலேர்ந்து சோறு எறங்கலை அந்த மனுசனுக்கு."

"ஏன், பாசமா?"

"பயங்க்கா. வாளியத் தட்டித்தான் அதுக்குத் தீனி போடறது. சத்தம் கேட்டா ஓடியாரும். ஏரியில பொம்பளைங்க தூக்கு, குண்டான்னு தட்டித் தட்டிக் கழுவுவாங்களே..."

நாளைக்கே அதிகாரியிடம் சொல்கிறேன் என்றேன்.

"எங்க பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுக்கா. ரூம விட்டு அனுப்பிட்டா எங்க போவோம்?"

அக்டோபர் 6, திங்கள்

காலையில் அதிகாரிக்குப் போன். யார் சொன்னது என்றார். சொல்ல முடியாது என்றேன். ஏரி பெரியது, பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

பனமலைக்குப் போனேன். கரையில் நாலைந்து பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். ரத்தினம்மாள் என்று ஒருத்தி, ஆடு மேய்ப்பவள், இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, பேப்பருக்கு இன்னிக்கி ஒண்ணும் சிக்கலியா? முதலை வந்தா எங்க ஊட்டுக்காரர இட்டுனு போவச் சொல்லு. நான் நிம்மதியா தூங்குவேன்."

"அதுவும் ஒரு வேளை சோத்துக்கு மேல அவர வெச்சிக்காதுடி," என்றாள் இன்னொருத்தி.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். அவர்கள்மேல் இல்லை. செஞ்சி முதலை செல்ல முதலை என்று என் பெயர் போட்ட செய்தியை அவர்களும் படித்திருந்தார்கள். "அதுதான் தொட்டியில பத்திரமா கீதே," என்றாள் ரத்தினம்மாள்.

பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தேன். தண்டோரா போடச் சொல்கிறேன் என்றார்.

நரேஷுக்கும் செய்தி அனுப்பினேன். "ஆதாரம் இல்லாம பீதி கிளப்பறதா ஆயிடும் மேடம்." குஷிக்கு மட்டும் ஆதாரம் வேண்டாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. ஏரியில் தண்ணீர் ஏறுகிறது.

நவம்பர் 3, திங்கள்

ரத்தினம்மாள் கரையில் குண்டான் கழுவிக்கொண்டிருந்தாள். ஆடு பக்கத்தில் தண்ணீர் குடித்தது. தண்ணீரில் ஒரு கோடு கிழித்தாற்போல் நேராகத் தன்னை நோக்கி வந்தது என்கிறாள். குறுக்கே ஆடு நின்றது. ஆட்டின் கழுத்தைக் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டது. குண்டானைக் கையிலிருந்து விடவேயில்லை அவள், நான் போகும்போதும். பேச்சு குழறியது. "எங்கிட்டதான் வந்துச்சுக்கா. ஆட்டுக்கிட்ட இல்ல. எங்கிட்டதான்."

யாரைப் பிடித்து உலுக்குவது? ஆதியையா? நரேஷையா? கை தட்டிய அத்தனை பேரையுமா?

நவம்பர் 5, புதன்

வீராசாமி தானாகவே வந்துவிட்டார். வனத்துறையினர் கூண்டு வைத்துக் காத்திருந்த கரைக்கு, பழைய வாளியோடு. கூண்டுக்குள் கோழியை வைத்துவிட்டு வாளியின் விளிம்பைத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். வெகு நேரம் கழித்து அல்லிக்கொடி அசைந்தது. வந்தது. சுற்றி நின்ற ஜனத்தைச் சட்டை செய்யாமல், காட்டு மிருகத்துக்கு இருக்க வேண்டிய பயம் ஒரு துளியும் இல்லாமல், கூண்டுக்குள் போனது.

அந்தப் பயத்தைத்தான் நாலு வருஷம் அதனிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

வீராசாமியைக் கைது செய்துவிட்டார்கள். "வாட்ச்மேன் எனக்குத் தெரியாமல் கொண்டுவந்து வளர்த்தான்; ரப்பர் என்று என்னிடமே பொய் சொன்னான்" என்பது ஆதிநாராயணனின் வாக்குமூலம். வீராசாமி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

எங்கள் பத்திரிகையில் படம்: கூண்டுக்குப் பக்கத்தில் ஆதி. "மீட்புப் பணிக்கு உதவிய தொழிலதிபர்." இந்த முறை என் பெயர் இல்லை. நான் எழுதவுமில்லை.

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். "நீங்க புகார்தாரர் மேடம். வேற ஒருத்தர் சொல்லணும், இல்ல படம் வேணும்," என்றார் அதிகாரி. நான் எடுத்த படங்களில் முதலை இருக்கிறது, தொட்டி இருக்கிறது, ஆதி இல்லை. மிருகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

செல்ஃபி எடுத்தவர்கள் அத்தனை பேரும் அழித்துவிட்டார்கள். ராஜாம்பாளிடம் கவிதாவின் கல்யாண வீடியோவைக் கேட்டேன்.

"புள்ள இப்பத்தான் அவலூர்பேட்டைக்கு வாழப் போயிருக்குது. கோர்ட்டு கேஸுன்னு இழுக்காதக்கா. ஆதி மண்டபத்தப் பாதி வாடகைக்கு வுட்டாரு எங்களுக்கு."

"வீராசாமி உள்ள இருக்கான், ராஜாம்பா."

"அவன் பாவந்தான்," என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

வீராசாமிக்கு ஜாமீன். மண்டபத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். சிங்கவரத்தில் ஜெயக்கொடியின் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

2026 ஜனவரி 16, வெள்ளி

தலைப்பொங்கலுக்கு வந்த கவிதா கரும்பு கொடுக்க வந்தாள். போகவில்லை. கூடத்தில் நின்றாள்.

"பெரிம்மா, அந்த வாட்ச்மேன்தான் எங்கேயிருந்தோ புடிச்சாந்தாருன்னு சொல்றாங்களே, நெஜமா?"

"நீ இன்னா பாத்தே?"

போனை நீட்டினாள். மணக்கோலத்தில் அவள், மாப்பிள்ளை, நடுவில் பட்டுச் சட்டையில் ஆதி. குரல் துல்லியமாக இருந்தது: "மாப்ள, இது எம் மூத்த புள்ள. காட்பாடியில ஒருத்தங்கிட்ட நானே வாங்கியாந்தேன். வாட்ச்மேன் சோறு போடறான், ஆனா மொதலாளி நாந்தான்னு அதுக்குத் தெரியும்!"

"உங்க வீட்ல இன்னா சொல்வாங்க?"

"திட்டுவாங்க," என்றாள். "எங் கல்யாண வீடியோ பெரிம்மா. யாருக்குத் தரணும்னு நாந்தான் சொல்லணும்."

பிப்ரவரி 11, புதன்

கவிதா கொடுத்த வீடியோவால் இப்போது வழக்கில் ஆதிநாராயணன் முதல் எதிரி. காட்பாடி ஆள் இரண்டாவது. வீராசாமி சாட்சியாகச் சொல்ல ஒப்புக்கொண்டார், வீடியோவைப் பார்த்த பிறகு. பார்க்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மூத்த புள்ளன்னா சொன்னாரு?"

நரேஷ் ஒற்றைப் பத்தியில் போட்டான். ஆதியின் பெயரோடு. அதற்கு எத்தனை போன் பண்ண வேண்டியிருந்தது!

ராஜாம்பாள் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 9, திங்கள்

வீராசாமியும் ஜெயக்கொடியும் வந்தார்கள். அவர் இப்போது மார்க்கெட் கமிட்டியில் மணிலாக்கொட்டை மூட்டை தூக்குகிறார். முதலையைச் சாத்தனூர் அணை முதலைப் பண்ணையில் விட்டிருக்கிறார்கள். நேற்று லீவு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"வேணான்னேன், கேக்கலைக்கா," என்றாள் ஜெயக்கொடி.

"பாத்தியா?" என்றேன் வீராசாமியிடம்.

"எக்கச்சக்கமா கெடக்குதுங்கக்கா. எல்லாம் ஒண்ணு போல வாயப் பொளந்துகினு. மதியம் வரைக்கும் கம்பியோரமாவே சுத்திச் சுத்தி வந்தேன். நம்மளுது எதுன்னே தெரியலக்கா."

"அதுக்கு மட்டும் உன்னத் தெரிஞ்சிருக்கப் போவுதா?" என்றாள் ஜெயக்கொடி. கடிந்து சொல்லவில்லை.

அவர் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "பெருசுங்களோட சேத்து வுட்டிருப்பாங்களாக்கா, இல்ல தனியாவா? அதுக்கு நீந்தக்கூட எடம் இருந்ததில்ல."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.