சார்லஸ் ராஜா விடுதலையான வழக்கு

1925 ஜூலை 6, திங்கள்

பெண் பள்ளி விஷயத்தில் நான் வலியப் போய் நுழைந்தேன் என்று ஊரில் பேச்சு. தவறு. ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம் என் வீட்டுக்கு வந்து கேட்டாள், இரண்டு தடவை. முதல் தடவை நான் மறுத்ததை யாரும் சொல்வதில்லை.

பெற்றோர் தினத்துக்கு ஏழாம் கிளாஸ் பிள்ளைகள் சரித்திரப் பாடத்திலிருந்து ஒரு கோர்ட் நடத்தப் போகிறார்கள். பட்டம் பறிபோன இங்கிலாந்து ராஜா சார்லஸ் கூண்டில் நிற்பார். ஜட்ஜ் நான். முனிசீப்பு கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்தவரின் பெண்சாதி, திருவனந்தபுரம் கான்வென்டில் படித்தவள். வேறு யாரைக் கேட்பார்கள்?

ஜூலை 9, வியாழன்

ஒத்திகை. உயரம் பார்த்துச் செல்லபாயை ராஜாவாக்கியிருக்கிறார்கள். அந்த ராஜா கோர்ட்டை மதிக்காமல், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்தவர். இவளோ பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லியே வளர்ந்த பிள்ளை.

"குடிகள் மேல் யுத்தம் செய்தாயா?"

"ஆமா அம்மா."

"பதில் சொல்லக்கூடாது, செல்லபாய்."

"சரி அம்மா."

"அதுவும் சொல்லக்கூடாது."

"இல்ல அம்மா, சொல்ல மாட்டேன்."

வாயில் ஒரு கற்கண்டைப் போட்டு அடக்கினேன்.

சர்க்கார் வக்கீல் என் தம்பி பேத்தி லீலாபாய். நிமிர்ந்து நிற்கவும் வார்த்தையை விழுங்காமல் பேசவும் நானே பழக்குகிறேன். உண்மையில் சார்லஸுக்கு வக்கீல் கிடையாது என்றாள் ஞானம். வக்கீல் இல்லாமல் ஒருவன் தலையை எடுக்கும் கோர்ட்டில் நான் உட்கார மாட்டேன் என்றேன். ஆகவே பகவதி. வயல்காரர் நாராயணபெருமாள் பிள்ளையின் மகள். சடையை ஒழுங்காகப் பின்னுவதில்லை. நான் ஒன்று சொன்னால் "அது ஏன்?" என்கிறாள்.

ஜூலை 14, செவ்வாய்

ஞானத்துக்கு நடுக்கம். விழாவுக்குத் தாசில்தார் வருகிறாராம். ராஜாவைத் தண்டிக்கிற நாடகத்தைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் பார்க்கலாமா? ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறாள்: "இது இங்கிலாந்து. முந்நூறு வருஷத்துக்கு முன்." சுண்ணாம்புக்கட்டி வாங்கி இருநூற்று எழுபத்தாறு என்று திருத்தினேன்.

ஜூலை 21, செவ்வாய்

செல்லபாய் இன்று எதற்கும் பதில் சொல்லவில்லை. கற்கண்டு தீர்ந்துவிட்டது.

ஜூலை 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கூட்டம் நிறைய. லீலாபாய் குற்றங்களை அழகாக வாசித்தாள், ஒரு எழுத்துக்கூட விழுங்கவில்லை. ராஜா வாயில் கற்கண்டோடு கம்பீரமாக நின்றார். பகவதி எழுந்தாள். நாங்கள் எழுதிக்கொடுத்த தாளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"கனம் ஜட்ஜ் அவர்களே, என் கட்சிக்காரர் ராஜாவே இல்லை. முந்தின ராஜாவுக்கு இவர் மகன். மகனுக்கு ஏது பட்டம்? பட்டம் மருமகனுக்கு அல்லவா? மகனுக்கு உகந்துடைமை என்று நாலு வயலை எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். ராஜா அல்லாத ஒருவர், ராஜாவாக இருந்து குற்றம் செய்தார் என்று எப்படித் தலையை எடுப்பீர்கள்?"

கூட்டத்தில் பாதி வேளாளர். அவர்கள் வீடுகளில் தகப்பன் சொத்து மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனான மருமகனுக்குப் போகும். மகனுக்குப் பிரியப்பட்டுக் கொடுக்கிற சின்னப் பங்குதான் உகந்துடைமை. இதை மாற்றிச் சட்டம் வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. வீட்டுக்கு வீடு சண்டை. பிள்ளை வீட்டில் கேட்டதைக் கோர்ட்டில் கொட்டிவிட்டாள்.

லீலாபாய் எழுந்து, "இங்கிலாந்தில்..." என்று தொடங்கினாள்.

பகவதி விடவில்லை. "நம்ம மகாராஜாக்களும் மருமகன் வழியில் வந்தவர்கள்தானே. அது தப்பு என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்லுகிறாரா?"

தாசில்தார் நாற்காலியில் நிமிர்ந்தார். லீலாபாய் உட்கார்ந்துவிட்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஞானம், "தலையை வெட்டச் சொல்லுங்க, சரித்திரம், சரித்திரம்" என்று எனக்கு ஓதுகிறாள். ஜட்ஜுக்குத் திரைமறைவில் பாடம் சொல்லிக்கொடுப்பதா? மறுப்பு இல்லாத வாதம் ஒப்புக்கொண்ட வாதம் என்று என் வீட்டுக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரதிவாதி ராஜாவை விடுதலை செய்தேன்.

"ரெம்ப உபகாரம் அம்மா" என்று கும்பிட்டார் ராஜா.

பிறகு எல்லோரும் எழுந்து மகாராஜா வாழ்த்துப் பாடினோம். தாசில்தார்தான் உரக்கப் பாடினார்.

ஜூலை 26, ஞாயிறு

எனக்குக் கண் மங்கித் தீர்ப்பை மாற்றி வாசித்தேன் என்று கோவில் வாசலில் பேச்சு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் போட்ட கண்ணாடி, இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஜூலை 28, செவ்வாய்

நேற்றும் இன்றும் பகவதி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றேன். லீலாபாய், "இல்ல பாட்டி, அவ அப்பா படிப்பை நிறுத்தியாச்சு" என்றாள்.

ஜூலை 30, வியாழன்

நாராயணபெருமாள் பிள்ளை வந்தார். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

"கிளார்க்கம்மா, நீங்க வெளயாட்டுக்குச் சொன்னியளோ நெசத்துக்குச் சொன்னியளோ, எனக்கு வெளிய தலைகாட்ட முடியல்ல. எனக்க சொத்து எனக்க பிள்ளையளுக்கு வரணும்னு நாலு வருசமா நான் மல்லுக்கெட்டுதேன். கொளத்தாங்கரையில வச்சு அந்தத் தாணுலிங்கம், எனக்க அக்கா மகன், நாலு பேரு கேக்கச் சொல்லுதான்: 'மாமா, கோர்ட்டே சொல்லியாச்சு. வாதாடினதும் உங்க மகதான்.' இதுக்கா பள்ளிக்கூடத்துக்கு விட்டேன்? படிச்சது போரும்."

"அது பிள்ளைகள் நாடகம்" என்றேன்.

"தாசில்தார் எழும்பி நின்னாருல்லா?"

"அது வாழ்த்துக்கு."

"அவன் அப்பிடிச் சொல்லல்ல."

அவள் பேசிய வாதத்தால் சொத்து இழக்கப்போகிறவளே அவள்தான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தே கட்சிக்காரருக்காகப் பேசினாளா? அப்படியானால் நல்ல வக்கீல்.

ஜூலை 31, வெள்ளி

தாசில்தாருக்குப் பயந்தேனா? இல்லை.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டேனா? — அதுவும் இல்லை. இங்கிலாந்தில் மகன்தான் பட்டத்துக்கு வருவான் என்று கான்வென்டில் முதல் கிளாஸிலேயே படித்தேன். லீலாபாய்க்கு நிற்கச் சொல்லிக்கொடுத்தேன்; இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞானம் வெட்டச் சொன்னாள், ஆகவே விட்டேன். அவள் விடச் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன். அதுக்கு ஒரு பிள்ளை அடுப்படியில இருக்கணுமா?

என் தவறை யார் முன்னாலும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அவசியம் வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்டு 1, சனி

ஞானத்திடம் போனேன். நானாகத்தான் போனேன். மறுவிசாரணை வேண்டும் என்றேன். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் கவனிக்காமல் இருந்தேன்.

ஆகஸ்டு 3, திங்கள்

காலையில் கோர்ட் கூடியது. நாராயணபெருமாள் பிள்ளைக்கும் தாணுலிங்கத்துக்கும் ஆள் விட்டிருந்தேன். இருவரும் வந்து ஆளுக்கொரு கதவில் சாய்ந்து நின்றார்கள். பகவதி இல்லை.

ராஜாவை மறுபடி கூண்டில் நிறுத்தினோம். "இன்றைக்குத் தண்டனைதான், செல்லபாய்" என்று முன்னதாகவே சொல்லிவைத்தேன்.

"எனக்குத் தலை போனா பகவதி வருவாளா அம்மா?"

"வரலாம்."

"அப்பம் வெட்டுங்க."

எழுந்து நின்று வாசித்தேன். ஜட்ஜ் எழுந்து வாசிப்பது வழக்கமில்லை. 'ஒரு தேசத்து முறையை இன்னொரு தேசத்து ராஜாவுக்குப் பொருத்தியது தவறு. நம் மகாராஜாவுக்கு நம் முறை சரி. சார்லஸுக்கு அவர் தேசத்து முறை. அவர் ராஜாதான். குற்றவாளிதான். முந்தின தீர்ப்பு இந்தக் கோர்ட்டின் பிழை.' கடைசி வரியை மறுபடி வாசித்தேன், யாருக்கும் கேட்காமல் போயிருக்கக் கூடாது என்று.

"சொத்து மகனுக்குத்தான்னு ஒரு வரி சேருங்கம்மா" என்றார் நாராயணபெருமாள் பிள்ளை.

"மருமகனுக்குன்னு சேருங்க" என்றான் தாணுலிங்கம்.

உங்கள் வீட்டுச் சொத்துக்கு இங்கே அதிகாரம் இல்லை, இரண்டு பேரும் வெளியே போகலாம் என்றேன். போனார்கள். பிள்ளை படியில் நின்று, "ஆலோசிக்கேன்" என்றார். ஆலோசனை என்றால் ஒன்றும் நடக்காது. அது எனக்குத் தெரியும். ஆகவே மத்தியானம் எழுதி அனுப்பியதன் நகல்:

'நாராயணபெருமாள் பிள்ளை அவர்களுக்கு,

விடுதலைத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. தாணுலிங்கத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன். குளத்தங்கரையில் பேச்சு வந்தால் வாசித்துக் காட்டவும்.

தவறு என்னுடையது. பகவதி தன் கட்சிக்காரர் பிழைக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள். அதற்கு அவளைத் தண்டிப்பது நியாயமில்லை. அவள் இடம் முன்பெஞ்சில் காலியாக இருக்கிறது. அதில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

நாளை முதல் அவளை அனுப்புவீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். ஆளிடம் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நேசம்மாள் ஜெபமணி.'