'வரவில்லை' என்று எழுதப்பட்ட அக்காவுக்கு

என் பிரியமான அக்கா,

1983 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. இருபத்தாறு படி. உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அந்த ஆபீஸ் மாடிக்கு இன்று மூன்றாவது மனுவோடு ஏறினேன். ஒவ்வொரு படியும் எட்டு அங்குல உயரம். டேப் வைத்து அளந்து படம் போட்டு மனுவோடு இணைத்திருந்தேன். கட்டட பிளான் போடுகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

"என்ன தம்பி, மனுவா, வீடு கட்டப் போறியா?" என்றார் சூப்பிரண்டு. பக்கத்து மேசைகள் சிரித்தன.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். போலியோவில் சூம்பிய கால், அதில் இரும்புக் கட்டு. பியூன் மாடியிலிருந்து மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தரமும் நீ பாதிப் படியிலிருந்து, "வாரேன் சார், ஏறிக்கிட்டு இருக்கேன்" என்றாய். மேலே போய்ச் சேர்ந்தபோது 'வரவில்லை' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

"மூணு தரம் கூப்பிடுறதுதான் வழக்கம். வாரேன்னா வந்ததா ஆயிருமா?"

"பதில் காதுல விழுந்துச்சுல்ல? அப்புறம் எப்படி சார் வரலைன்னு எழுதுனீங்க?"

"அந்தப் பொண்ணுதான் இப்ப இல்லையேப்பா. திருத்தி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"செத்தது பங்குனியில. இங்க வந்தது தை மாசம், உசுரோட."

மனுவை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். அம்புட்டுத்தான்.

அவரை மட்டும் சொல்வானேன்? அன்றைக்குக் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும், "சீக்கிரம் ஏறுக்கா, மானத்த வாங்காத" என்றுதானே கத்தினேன்? நீ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். அது கோபமா, சிரிப்பா? மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை நான் கேட்கவே இல்லை.

அலுப்பாக இருக்கிறது. ஆனால் அடுத்த புதன்கிழமை அதே மாடியில் மறுபடி இன்டர்வியூ. உன்னோடு டைப்ரைட்டிங் படித்த சமயநல்லூர் முருகேசன் அண்ணனுக்குக் கார்டு வந்திருக்கிறது. அவருக்கு இரண்டு கையிலும் ஊன்றுகோல். "என்னையும் வரலைன்னுதான் எழுதுவாய்ங்களா மாப்ள?" என்று கேட்டார்.

செய்யப்போவதைச் சொல்கிறேன்:

1. புதன் காலை எட்டரைக்கே அண்ணனோடு அங்கே நிற்பேன்.
2. அவர் பேரைக் கூப்பிட்டதும் நான் மேலே ஓடி, "ஆள் வந்தாச்சு. நீங்க எறங்குங்க, இல்ல அவர் ஏறி வர்ற வரைக்கும் பேனாவ மூடி வைங்க" என்பேன்.
3. முடியாது என்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வேன். தரும்வரை நகர மாட்டேன்.
4. வியாழக்கிழமை, உனக்காக நாலாவது மனு. உன் பேருக்கு நேரே 'வந்தார்' என்று எழுதும்வரை.

உன் கூடப்பிறந்தவன்,
செல்வராஜ்