மொனீர் போன். கால்.

ஏப்ரல் 19, 1998. ஞாயிறு

தூறல். எழுத்து கோணல்மாணல்தான். இந்த நோட்டைப் படிக்கப்போகிறவன் நான் ஒருத்தன் என்பதால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'ற'வின் வால் கீழ் வரியில் போய் இடிக்கிறது. 'ழ'வோடு இன்னும் சண்டை. அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்த கை. நாமக்கல்லில் முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டினேன். அந்த லாரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பெயிண்டரைக் கேட்டால்தான் தெரியும். இந்தக் குளிர்காலம் முழுக்க மருமகள் கவிதா உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அமெரிக்காவில் இந்த எடிசன் ஊரில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்தால் பார்க்க ஆசை.

இன்று: நகம் வெட்டியது. டோனட் கடை. மொனீரோடு ஒன்றரை மணி நேரம்.

மொனீர் பங்களாதேஷ்காரர். நாற்பத்து மூன்று வயது. டோனட் கடையில் ஏழு வருடமாக வேலை. அதற்கு முன்னால் கால்பந்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் கொஞ்சம். மீதியைக் கையும் முகமும் பேசும். சர்க்கரைப் பொட்டலம் பதினொன்றை மேசையில் பரப்பி, இடது ஓரப் பொட்டலத்தைத் தட்டி, "மீ, அங்கிள்" என்றார்.

புரிந்தவரை:
சின்ன வயதில் பந்து கிடையாது. பம்பளிமாஸ் பழத்தை உதைத்து ஆட்டம். பழம் பிளந்தால் ஆட்டம் முடிந்தது, தின்றுவிடுவார்கள்.
பிறகு டாக்காவில் பெரிய கிளப். எட்டு வருடம். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் ஆட்டம்.
ஒரு வருடம் ஜெயித்தார்கள். ஜனங்கள் வீடு வரை தோளில் தூக்கிப்போனார்கள். மறு வருடம் தோல்வி. செருப்பு வீசினார்கள். "சேம் பீப்பிள், அங்கிள்!" விழுந்து விழுந்து சிரிக்கிறார்.
நாட்டுக்காக ஒரே ஆட்டம், இருபது நிமிஷம். அந்தச் சட்டையை இன்றுவரை துவைக்கவில்லை.
பிறகு குலுக்கலில் விழுந்த லாட்டரி விசா. அமெரிக்கா.

வீட்டுக்கு வந்து, "பால் எப்படிம்மா எழுதறது?" என்று கவிதாவைக் கேட்டேன்.
"எந்தப் பால், மாமா? குடிக்கிறதா?"
"உதைக்கிறது."
அவள் சிரித்து முடிக்கக் காபி ஆறிவிட்டது. "பந்துன்னு எழுதுங்க மாமா. பாலை உதைச்சாருன்னா பாவம் அந்த மனுஷன்!"

ஏப்ரல் 22, புதன்

வெயில். கோட்டு வேண்டியிருக்கவில்லை.

மொனீர் ஒரு விஷயம் சொன்னார். ஊர்ப் பிள்ளைகள் கால்பந்து கிளப்புக்குக் கோச் வேண்டுமாம். மனு போட்டிருக்கிறார். ஆடியதற்குச் சான்று கேட்டார்களாம். அவரிடம் இருப்பது பழைய பேப்பர் துண்டுகள், எல்லாம் வங்காள எழுத்து. கிளப்பை நடத்துகிற லிண்டா என்ற அம்மா, "மைதானத்துக்கு வந்து காட்டு" என்று சொல்லிவிட்டார். நாள் பிறகு சொல்வார்களாம். ஒரே ஒரு நாள்தான். இன்னொருத்தரும் போட்டிக்கு இருக்கிறார்.

மொனீரிடம் கார் இல்லை. மைதானம் ஃப்ரீவேயில் இருபது நிமிஷம். என் மகன் செந்தில், "நாள் மட்டும் சொல்லச் சொல்லுங்கப்பா, நான் டிராப் பண்ணிடறேன்" என்றான். மொனீர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஐ வான்ட் கிராஸ்" என்றார். புல் வேண்டுமாம். மாடு மாதிரிக் கேட்கிறாரே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் புது உத்தியோகம். போன் பக்கத்தில் கவிதா ஒரு சின்ன நோட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். யார் கூப்பிட்டாலும் நான் எழுதி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

மேகம். மதியம் போன். மொனீர்! தெருவிலிருந்து பேசுகிறார், பின்னால் பஸ் சத்தம். மூச்சு வாங்குகிறது. "அங்கிள், கால்! கால்! டெல் செந்தில், ஹி நோஸ்." கட்.

நோட்டில் எழுதினேன்: மொனீர் போன். கால். ஒரு பிழை இல்லை.

சாயந்திரம் செந்தில் படித்தான். "காலா? அடிபட்டுருச்சாப்பா?"
"கால் கால்னு ரெண்டு தடவை சொன்னாருடா. பேசவே முடியல பாவம்."
"சே, இந்த நேரத்துலயா!" உடனே கிளப்புக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. மொனீருக்குக் காலில் அடி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதிவு மெஷினில் பேசி வைத்தான்.

மனசு சரியில்லை. தைலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

பனி விலகி நல்ல வெளிச்சம். அவசர எழுத்து, மன்னிக்க.

எட்டரைக்குத் தைலத்தோடு டோனட் கடைக்குப் போனேன். வாசலில் மொனீர். அரை டிராயர், முழங்கால்வரை சாக்ஸ், பூட்ஸ். குதித்துக்கொண்டிருக்கிறார்! குனிந்து காலைப் பிடித்தேன்.
"அங்கிள், வாட் யூ டூ?"
"கால்!"
"எஸ், எஸ்! ஐ டோல்ட் யூ, கால்! டுடே! வேர் செந்தில்?"

அவர் பாஷையில் 'கால்' என்றால் நாளைக்காம். நேற்றைக்கும் அதேதானாம். உடம்பில் இருக்கிற காலுக்குப் பெயர் 'பா'வாம். என்ன பாஷையடா சாமி!

ஒன்பது மணிக்கு டிரையல், ஆடிக் காட்டுகிற சோதனை. கடைப் போனில் செந்திலை எழுப்பினோம். பல் விளக்காமல் வந்தான். அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. போய்ச் சேர ஒன்பதரை.

மைதானத்தில் போட்டிக்கு வந்த இன்னொருத்தர் கழுத்தில் விசிலோடு பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். லிண்டாம்மா காகிதங்களை அடுக்கிவிட்டார். "காலில் அடி என்றார்களே?" செந்தில் என்னைக் காட்டி என்னென்னவோ சொன்னான். அந்தம்மா என்னைப் பார்த்தார், தைலப் பாட்டிலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஓகே. ஷோ மீ தட் லெக்."

மொனீர் பந்தை மைதானத்தின் மூலையில் வைத்தார். புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது காலால் ஒரே அடி. பந்து வெளியே போகிற மாதிரிப் போய், மனசு மாறினதுபோல வளைந்து, யாரும் தொடாமல் கோலுக்குள். முதலில் கைதட்டியது விசில்காரர்தான். பிள்ளைகள் மொனீரைச் சுற்றி, "அகெயின்! அகெயின்!"

முடிவை லிண்டாம்மா செவ்வாய்க்கிழமை சொல்வாராம். வரும் வழியில் காரில் மொனீரிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். தமிழில்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. பல்வலி.

ஐந்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். மொனீர், நனைந்துபோய். கையில் ஒரு பெட்டி டோனட். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "மாமாவைக் கீழ விடுங்க, முதுகு பிடிச்சுக்கும்!" என்று கவிதா கத்தினாள்.

பெரிய பிள்ளைகள் விசில்காரருக்கு. ஏழு வயதுக் கூட்டம் மொனீருக்கு. பதினாறு பேர், அதில் ஐந்து பெண் குழந்தைகள். புதனும் சனியும். டோனட் வேலை காலையில் மட்டும்.

சட்டையில் கிளப் பெயரோடு 'கோச்' என்று தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தேன். இங்கிலீஷ். அதையும் ஒரு கை பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். நானும் போகிறேன், மடக்கு நாற்காலியோடு. எத்தனை கோல் என்று எழுத இந்தப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன்.